ஐம்பத்தாறு நாள் தண்ணீர்

கொழும்பு விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, உள்ளே இருந்த தகரக் கூம்பை வெளியே எடுத்தார். அதற்குள் அடைத்து வைத்திருந்த மக்ரூன் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக உருவி மேசையில் அடுக்கினார். பிறகு இரண்டு பக்கமும் திறந்திருந்த கூம்பை உயர்த்தி, அதன் வழியாக என்னை ஒரு முறை பார்த்தார். பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற நீர்கொழும்புக்காரர் மொழிபெயர்த்தார். "பாட்டுப் போடுற குழாயோன்னு கேக்கிறார்."

கான்கிரீட்டில் தண்ணீர் கூடிவிட்டதா என்று பார்க்கும் கூம்பு அது. கலவையை அதில் நிரப்பி, கூம்பை மட்டும் தூக்கினால் கலவை எவ்வளவு சரிகிறது என்று அளப்போம். தூத்துக்குடியில் ஒரு சோதனைக்கூடத்தில் முப்பது வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. இவ்வளவையும் அந்த மனிதருக்கு விளக்க என்னிடம் மொழி இல்லை. ஒரு பாக்கெட்டைப் பிரித்து ஒரு மக்ரூன் கொடுத்தேன். வாயில் போட்டார், கரைந்துபோனதும் இன்னொன்று எடுத்துக்கொண்டார், கூம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மக்ரூன் என் மகள் செல்விக்கு. கூம்பு அவள் வீட்டுக்கு.

செல்விக்கு எட்டு வயதில் அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்புறம் பள்ளிக்கூடம் விட்டால் நேரே என் சோதனைக்கூடத்துக்குத்தான் வருவாள். கான்கிரீட் கட்டிகள் ஊறிக் கிடக்கும் தொட்டியின் மேல் பலகை போட்டு, அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கட்டிகளின் மேல் பெயின்டால் தேதி போடுவது அவள் வேலை. இது ஏழு நாளில் உடைத்துப் பலம் பார்க்க வேண்டியது, இது இருபத்தெட்டு நாளில் என்று எனக்கே நினைவுபடுத்துவாள். அப்படி வளர்ந்தவள் நர்ஸ் வேலைக்குக் கத்தாருக்குப் போனாள். அங்கே வேலைபார்த்த புத்தளம் கரையோரத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, அவனோடு அவன் ஊருக்கே போய்விட்டாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. வேறு மதம் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். ஒரே பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் போகிறாளே என்பதுதான் உண்மை.

மூன்று வருஷம் எங்கள் பேச்சு "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்ற இரண்டு வார்த்தைகளில் ஓடியது. பிறகு ஒரு நாள் ஒரு போட்டோ வந்தது. கட்டில், தலையணை, தலையணைக்குப் பக்கத்தில் கூரையிலிருந்து விழுந்த ஒரு கான்கிரீட் துண்டு. மேலே கூரையில் துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: "அப்பா, புதுசா போட என்ன கலவை சொல்றீங்க?" அடுத்த வரியில், "எனக்கு ஆறு மாசம்."

அன்றைக்கே கிளம்பியிருப்பேன். ஆனால் முதலில் அவள் அறைக்கு வெள்ளையடித்தேன். உத்திரத்தில் தொட்டில் கொக்கி மாட்டினேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. தாய் இல்லாவிட்டால் என்ன, வீடு இருக்கிறது. மகளுக்குக் கூரை போட்டுக் கொடுக்கப் போகிறேன் என்று சோதனைக்கூடத்தில் லீவு சொன்னேன். அவளைக் கையோடு கூட்டிவரப் போகிறேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

புத்தளம் வரை பஸ் ஒழுங்காக வந்தது. கற்பிட்டிப் பக்கம் திரும்பிய அடுத்த பஸ்தான் சதி செய்தது. சாலை நடுவில் பத்துப் பதினைந்து கழுதைகள், தங்கள் அப்பன் வீட்டு முற்றம் மாதிரி நின்றன. கண்டக்டர் இறங்கி, டிக்கெட் புத்தகத்தால் முதுகில் தட்டித் தட்டி விரட்டினார். கழுதைகள் போயின, பஸ் போகவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மீன் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் நான் தள்ளி முடிக்கும்வரை கூம்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். திருப்பித் தரும்போது சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "இந்தளவு பெரிய தொப்பி போடுற தலை உங்கட ஊர்ல யாருக்கு இருக்குன்னு கேக்கிறா."

ஒரு பக்கம் உப்பளம், வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல். எதிரே தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி. காற்றில் கருவாட்டு வாசம். எனக்குக் கோபம்தான் வந்தது. இதே உப்பும் இதே புகைபோக்கியும் இதே வாசமும் தூத்துக்குடியில் இல்லையா? இதற்குக் கடல் தாண்டி வர வேண்டுமா இவள்?

வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். முகம் அவள் அம்மா முகமாக மாறியிருந்தது. நான் வயிற்றைப் பார்த்தேன், பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டேன். "கூம்பையா தூக்கிட்டு வந்தீங்க?" என்று சிரித்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் சிரிப்புச் சத்தம். "உள்ள மக்ரூன் இருக்கு, ஒடைஞ்சிருக்கும்" என்றேன்.

மாப்பிள்ளை நிரோஷன் பையை வாங்கிக்கொண்டு, "வாங்க மாமா" என்றதோடு சரி. அவன் பேசுகிற ஆள் இல்லை. அவனுடைய அம்மா பிலோமினா அதற்கும் சேர்த்துப் பேசினார். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "இருங்க அண்ண. கலியாணத்துக்கு வருவீங்கன்னு வாங்கின கதிரை. வேற ஒருத்தரையும் நான் இதுல இருக்க விடல்ல." உட்கார்ந்தேன். உறை சரசரவென்று சத்தம் போட்டது. மூன்று வருஷமாக எனக்காக ஒரு நாற்காலி இங்கே காத்துக் கிடந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

இடியப்பம், சொதி, கணவாய்க் கறி. தேங்காய்ப்பால் இல்லாமல் இவர்கள் எதையும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள் போலிருக்கிறது. "காரம் போதுமாட்டி உனக்கு?" என்று செல்வியைக் கேட்டேன். "ஓம்ப்பா" என்றாள். எங்கள் ஊரில் "ஆமா".

இரண்டாம் நாள் வேலையைப் பார்த்தேன். பழைய கூரையை இடித்து, பலகை அடித்து, புதுக் கம்பி கட்டி வைத்திருந்தார்கள். மேஸ்திரி பெயர் ஹனீபா. இங்கே மேஸ்திரியை பாஸ் என்கிறார்கள். ஹனீபா பாஸ் கரைத்தீவுப் பக்கத்துக்காரர், என்னைவிடச் சில வயது இளையவர். இடித்த துண்டு ஒன்றை எடுத்து நொறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. "உப்பங்கழிப் பக்கத்துக் கிணத்துத் தண்ணியில கொழைச்சீங்களா?" என்றேன்.

"ஓம் மாமா" என்றான் நிரோஷன். "கிட்ட இருந்தது அதுதான்."

"வாய்க்கு ஆகாத தண்ணி கம்பிக்கு மட்டும் ஆகுமா?" என்றேன். கோபப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனவன்தான். அவன் தலையைக் குனிந்தான். செல்வி என்னைப் பார்த்த பார்வையில் நானும் குனிந்தேன்.

இந்தத் தடவை தோட்டத்துக் கிணற்று நல்ல தண்ணீர், கழுவிய மணல். ஆனாலும் உப்புக் காற்று இருக்கவே இருக்கிறது. அதற்குத்தான் சாம்பல். சிமெண்ட் தண்ணீரைக் குடித்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வேலையில்லாமல் மிஞ்சிப்போகும். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வரும் மெல்லிய சாம்பலைச் சேர்த்தால், அது அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு மேலும் பசையாகும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் அடைபடும். உப்பு உள்ளே போக வழி இருக்காது. ஏழு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சாம்பல் என்றேன்.

"இறுகச் சுணங்குமே சேர்" என்றார் ஹனீபா பாஸ். தொழில் தெரிந்த ஆள். "லேட்டாகும்தான். ஆனா இறுகினா அசையாது" என்றேன்.

பிலோமினா அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "சாம்பலா? புள்ளை பொறக்கப்போற வீட்டுக்குச் சாம்பலா அண்ண? நீங்க தினமும் நெத்தில பூசுறீங்க, உங்களுக்குப் பயமில்ல. எங்களுக்கு வருசத்துல ஒரு நாள்தான் சாம்பல், அதுவும் சாவை நினைக்கச் சொல்லித்தான் சர்ச்சுல சுவாமி பூசுவார். அதை வீட்டுத் தலையில பூசச் சொல்றீங்க." நான் பாட்டுக்குக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறேன். நிரோஷன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், படகைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டான்.

மூன்றாம் நாள் ஹனீபா பாஸோடு, மின் நிலையம் இருக்கும் நுரைச்சோலைக்கு. அங்கே கட்டடக் கல் செய்யும் வாடி ஒன்றில் சாம்பல் கிடைக்கும் என்றார். லேண்ட்மாஸ்டர் என்று ஒரு வண்டி, முன்னால் எஞ்சின், பின்னால் பெட்டி, நடுவில் நம் முதுகெலும்பு. வாடியில் சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்தேன். முகப்பவுடர் மாதிரி நழுவியது, கருப்பும் இல்லை. கருப்பாக இருந்தால் எரியாத கரி மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல சரக்கு.

திரும்பும் வழியில் ஒரு கடையில் மாலுபாணும் பிளேன்டீயும். பன்னுக்குள் மீன் வைத்துத் தருகிறார்கள். குறை சொல்ல வாயெடுத்து, இரண்டாவது வாங்கினேன்.

"மகளைக் கூட்டிப் போக வந்தீங்களா சேர்?" என்று கேட்டார் ஹனீபா பாஸ், டீயை ஆற்றிக்கொண்டே.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல்ல. நீங்க வீட்டைப் பாக்கிறதை விட அவவைத்தான் பாக்கிறீங்க." டீயை ஒரு வாய் குடித்தார். "சண்டைக்காலத்துல எங்கட முஸ்லிம் ஆக்களை வடக்கால எழுப்பி விட்ட நேரம் நான் சின்ன ஆள். இங்க வந்து ஓலைக் கொட்டில் போட்டம். ஒரு வருசத்துல திரும்பிப் போவம் எண்டு வாப்பா சொன்னார். அடுத்த வருசம் ஓலை மாத்தினம். அதுக்கு அடுத்த வருசமும் ஓலைதான். தகரம்கூடப் போட விட மாட்டார். நான் தொழில் பழகி, உழைச்சு, அவருக்குச் சொல்லாமலே சாமான் இறக்கி சிலாப் போட்டன். கொங்கிரீட் போட்ட அண்டைக்கு மனுசன் கிணத்தடியில இருந்து அழுதார். இனிப் போக மாட்டம் எண்டு விளங்கிட்டு."

"திரும்பிப் போனீங்களா?"

"வாப்பா இங்கதான் மௌத்தானார். காணி அங்க இருக்கு. நான் போய்ப் பாத்துட்டு வருவன். சிலாப் இங்கதானே இருக்கு."

லேண்ட்மாஸ்டர் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. பெட்டியில் சாம்பல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும்: சுவரும் உப்பேறிவிட்டது, கூரை தாங்காது, பிரசவம் முடிகிறவரை இங்கே இருக்கக் கூடாது. முப்பது வருஷ அனுபவக்காரன் சொன்னால் யார் மறுப்பார்கள்? செல்வி என்னோடு வந்துவிடுவாள். சுவரை நான் தட்டிப் பார்த்திருந்தேன். நல்ல சுவர்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பிலோமினா அம்மா கெளுத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தார். மீன் வழுக்க வழுக்க, பக்கத்தில் இருந்த அடுப்புச் சாம்பலில் கையைத் தோய்த்துப் பிடித்தார். "இதுக்கு எதுக்கும்மா சாம்பல்?" என்றேன்.

"சாம்பல் இல்லாம இது கையில நிக்குமா அண்ண? பிடிப்புக்குத்தான்."

"நானும் பிடிப்புக்குத்தான் கேக்கேன்" என்றேன். அவர் மீனைப் பார்த்தார், என் மூட்டையைப் பார்த்தார், மீன் தலையை அறுத்தார். உண்மையில் இந்தச் சாம்பல் கலவையை வழுக்கி ஓட வைக்கத்தான் செய்யும். சம்பந்தியிடம் கொஞ்சம் முன்னே பின்னே சொல்லலாம், பாவமில்லை.

அன்று பொழுது சாயும் நேரம் நிரோஷன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "மாமா, இப்படிப் போட்டா எத்தனை வருசம் நிக்கும்?" செல்வியும் நிமிர்ந்து பார்த்தாள். சொல்ல வேண்டிய பொய் நாக்கு நுனியில் இருந்தது. "உன் பேரன் காலம் வரைக்கும் நிக்கும்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

அவன் எழுந்து போனதும் செல்வியிடம் கேட்டேன். "ஊருக்கு வாரியாட்டி? உன் ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். தொட்டில் கொக்கிகூட மாட்டியாச்சு." அவள் மக்ரூன் தூளை விரலால் ஒற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்குச் சொல்றேன்ப்பா" என்றாள்.

நான்காம் நாள் கான்கிரீட். நான் பலகை மேல் நின்று கம்பிக் கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஏணி அடியில் செல்வி வந்து நின்று கையை நீட்டினாள். கையில் வளைத்த கம்பி ஒன்று, வளைவை உரசி மழமழப்பாக்கியிருந்தாள். "அப்பா, கட்டில் இருக்கிற எடத்துக்கு நேரா இதையும் சேத்துக் கட்டிருங்க. தொட்டிலுக்கு."

கொக்கியை கான்கிரீட் போடுமுன் கட்டினால்தான் உண்டு. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதில் சொல்லிவிட்டாள். வாங்கிக்கொண்டேன். ஹனீபா பாஸ் கைநீட்டியும் கொடுக்கவில்லை. நானே குனிந்து, கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கிக் கட்டினேன். இழுத்துப் பார்த்தேன். இன்னொரு சுற்றும் சுற்றினேன். கண் கலங்கியதற்கு சிமெண்ட் தூசி இருந்தது, சௌகரியமாகப் போயிற்று.

பிலோமினா அம்மா மந்திரித்த தண்ணீர் தெளித்தார். ஹனீபா பாஸ் பிஸ்மில்லா சொல்லி முதல் சட்டியைக் கொட்டினார். வேலையாட்களில் ஒருவன் கலவை இறுக்கமாக இருக்கிறது என்று இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றப் போனான். நான் கூம்பை வைத்து நிரப்பித் தூக்கிக் காட்டினேன். கலவை நான் நினைத்த அளவுக்குச் சரிந்து நின்றது. "தொப்பி சொன்னா சரி" என்று, பஸ்ஸில் நடந்ததை என்னிடம் கேட்டிருந்த ஹனீபா பாஸ் அவன் கையிலிருந்து வாளியை வாங்கி வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு கெளுத்தி மீன் குழம்பு. இவ்வளவு ருசியான குழம்பை நான் கோபமில்லாமல் சாப்பிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் கூரை மேல் மண்ணால் வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தினோம். புகைபோக்கி அதில் தலைகீழாகத் தெரிந்தது. ஈரம் காயாமல் இருந்தால்தான் சாம்பல் தன் வேலையைச் செய்யும். காயவிட்டால் எல்லாம் போச்சு.

கிளம்பும் நாளில் செல்வியிடம் சொன்னேன். "ஐம்பத்தாறு நாள் தண்ணி நிக்கணும்."

"இருபத்தெட்டு இல்லையாப்பா?"

"இது சாம்பல் கலவை. மெதுவாத்தான் இறுகும். தினமும் காலையில எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு எனக்குப் போன் பண்ணிச் சொல்லணும். ஒரு நாளும் தவறக் கூடாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரிப்பா" என்றாள்.

சாம்பல் கலவைக்கு இரண்டு வாரத் தண்ணீர் போதும். நாலு வாரம் என்றால் ராஜ மரியாதை. ஐம்பத்தாறு நாள் என்பது நாங்கள் கட்டியை உடைத்து பலம் பார்க்கிற கணக்கு, தண்ணீர் விடுகிற கணக்கு இல்லை. முப்பது வருஷத்தில் ஒரு சான்றிதழில்கூட நான் ஒரு எண்ணைக் கூட்டி எழுதியதில்லை.

திரும்பும்போது கூம்பு நிறையக் கருவாடு. இந்த முறை விமான நிலையத்தில் யாரும் அதன் வழியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது. "நாலு விரக்கடை நிக்குதுப்பா." "சரி." அவ்வளவுதான். ஒரு வாரத்தில் தண்ணீரோடு கால் வீக்கமும் சேர்ந்தது. அப்புறம் பிலோமினா அம்மாவின் சமையல், நிரோஷனின் வலை, குழந்தை உதைக்கிற பக்கம். தண்ணீர்க் கணக்கு முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிடும், பேச்சு அரைமணி ஓடும். நான் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். காலண்டரில் நாளைக் கிழிக்கும்போது மட்டும் மிச்ச நாளை எண்ணிப் பார்ப்பேன். இருபத்தெட்டாவது நாளும் கூப்பிட்டாள். "நிக்குதுப்பா" என்றாள். இருபத்தொன்பதாவது நாளும்.

நாற்பத்தோராவது நாள் மத்தியானம் அவள் போனிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பதறிப்போய் எடுத்தேன். திரையில் பிலோமினா அம்மா.

"மகள் கிளினிக்குப் போயிட்டா அண்ண, போனை சார்ஜ்ல விட்டுட்டு. உங்கட கூரையை உங்களுக்குக் காட்டணும்னு எத்தனை நாளா நினைச்சேன். பாருங்க." மூச்சு வாங்க ஏணி ஏறி, போனைச் சுழற்றிக் காட்டினார். வரப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெள்ளைவெளேரென்று காய்ந்த தளம். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை வலை விரித்து, அதன் மேல் கருவாடு. "ரெண்டு கிழமையா இதுலதான் காயப்போடுறேன். என்ன நல்ல சூடு. நீங்க சொன்ன சாம்பல் நல்ல சாமான் அண்ண."

அன்று காலையில்தான் செல்வி சொல்லியிருந்தாள், நாலு விரக்கடை நிற்கிறது என்று.

"நல்லா இருக்கும்மா" என்றேன். "நான் பாத்தேன்னு அவகிட்ட சொல்ல வேண்டாம்."

மறுநாள் ஏழு மணிக்கு போன் அடித்தது. டீயைக் கீழே வைத்தேன்.

"தண்ணி நிக்குதாட்டி?"

"நிக்குதுப்பா. நாலு விரக்கடை."

"சரி, வத்த விட்றாத. இன்னும் பதினாலு நாள் இருக்கு."

கடல் காற்று மட்டும் போனில் உரசியது.

"சாம்பல் கலவைதானேப்பா" என்றாள் செல்வி. "அதுக்கு மேல கொஞ்ச நாள் ஆனாலும் பரவாயில்ல."